எண்ணாலும் எழுத்தாலும்

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் நான்கு பேர். நால்வருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தால் எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். குளிர் அதிகம், கார் இல்லாமல் வெளியே போக முடியாது, பேச ஆள் கிடையாது, மணி பார்த்து இட்லியும் சீரியலும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற வாரம் என்னைக் கேட்டார். "நீங்க ஹூஸ்டன்ல ஆறு மாசம் எப்படி சார் பொழுத ஓட்டுனீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் டீமுக்குக் கணக்கு எழுதினேன்" என்றேன்.

நால்வரும் நின்றுவிட்டார்கள். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். இல்லை, உண்மைதான். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் செய்தேன். அதை நடையில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2023 ஜனவரி முதல் வாரம் நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனோம். ஹூஸ்டனுக்கு மேற்கே ஓர் ஊர். பேரன் அப்போது பதினோராம் வகுப்பு. மாப்பிள்ளை கிரிக்கெட் பைத்தியம். பையனோ ஏழு வயதிலிருந்தே பேஸ்பால். பள்ளியின் பெரிய டீமில் அந்த வருடம்தான் இடம் கிடைத்திருந்தது. "தாத்தா, என் மேட்ச் பார்க்க வருவீங்கதானே?" என்று விமான நிலையத்திலேயே கேட்டுவிட்டான்.

வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பயிற்சி நாட்களிலேயே போய்க் கம்பி வேலிக்கு வெளியே உட்கார ஆரம்பித்தேன். ஆட்டம் புரியவில்லை. புரியாத எதையும் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். முப்பத்தெட்டு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, யார் வீசினான், எத்தனை வீசினான், அடித்தவன் எங்கே ஓடினான் என்று என் பாணியில் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கோச் வேலியருகே வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். டெக்சஸில் பள்ளிக் கோச் என்றால் வகுப்பும் எடுப்பார். இவர் சரித்திர வாத்தியார். வழக்கமாக ஸ்கோர் எழுதும் ஒரு தாய்க்கு அந்த ஆண்டு வேலை நேரம் மாறிவிட்டதாம். "சார், உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார். எனக்கு ஆட்டமே தெரியாது என்றேன். "ஆட்டத்தை நான் சொல்லித் தருகிறேன். இப்படிக் கோடு போட எங்களில் யாருக்கும் தெரியாது" என்றார்.

பள்ளியில் தன்னார்வலராக நுழைய வேண்டுமானால் போலீஸ் பதிவேட்டில் நம் பேர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓய்வு பெற்ற அரசு ஊழியன் எழுபத்து நான்கு வயதில் நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். எத்தனை பேரை அப்படி நிற்க வைத்திருப்பேன்!

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை நான்கு வரியில் சொல்லலாம். ஒரு பக்கம் ஒன்பது பேர். பெரியவர்களுக்கு ஒன்பது இன்னிங்ஸ், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு. பிட்சர் என்பவன் 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து, சற்று மேடான இடத்தில் நின்று, பந்தைத் தரையில் படாமல் வீசுவான். அடித்தவன் 90 அடிக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பேஸ்களைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்தப் பாதி முடிந்தது.

ஆட்டத்தைவிட என்னைக் கட்டிப்போட்டது கோச்சின் அறை. சுவரில் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரே தாளில் பெரிய காலண்டர். சிவப்பில் மேட்ச், பச்சையில் பயிற்சி, நீலத்தில் பள்ளித் தேர்வு, பென்சிலில் மழைக்கு ஒதுக்கிய நாட்கள். ஒரு சீசன் என்பது பையன்கள் மைதானத்தில் ஓடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு தாலுகா ஆபீஸே நடக்கிறது.

முதலில் காகிதம். ஒவ்வொரு பையனுக்கும் டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட உடல் தகுதிப் படிவம். தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டேன் என்று பெற்றோர் கையெழுத்திட்ட தாள். இதயக் கோளாறு பற்றி இன்னொன்று. ஒரு தாள் குறைந்தாலும் பையன் மைதானத்தில் கால் வைக்க முடியாது. கோச் இவற்றைப் பெட்டியில் குவித்து வைத்திருந்தார். நான் அகர வரிசையில் அடுக்கி, முன்னால் ஓர் அட்டவணை ஒட்டிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

அடுத்தது மதிப்பெண். டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்துவது யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் என்ற அமைப்பு. 1910இல் தொடங்கியது. சுருக்கமாக யு.ஐ.எல். பாடத்தில் தேறாதவன் ஆடக்கூடாது என்று 1984இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட்டம் கிடையாது. அந்தச் சட்டத்துக்கு வழி செய்த குழுவின் தலைவர் ராஸ் பெரோ, பின்னால் ஜனாதிபதி தேர்தலில் நின்ற அதே கோடீஸ்வரர். கால்பந்துக்கு உயிரை விடும் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டம் வந்தபோது எவ்வளவு கூச்சல் எழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வரும் நாளில் கோச் முகத்தில் ஈயாடாது. நம் ஊரில் பிளஸ் டூ முடிவு வரும் நாள் மாதிரி.

பயிற்சிக்கும் அளவு உண்டு. பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான். அதற்குள் அடி, ஓட்டம், வீச்சு எல்லாம் முடிய வேண்டும். ஆகவே மைதானத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை என்று கோச் பிரித்து வைப்பார். நாலு பேர் அடிக்கும்போது மற்ற நாலு பேர் சும்மா நிற்கக்கூடாது.

ஜனவரி கடைசியில் ஆள் தேர்வு. அறுபதுக்கு மேல் வந்தார்கள். வார்சிட்டி என்னும் பெரிய டீம், ஜூனியர் வார்சிட்டி, ஒன்பதாம் வகுப்பு டீம் மூன்றையும் சேர்த்தாலும் எல்லோருக்கும் இடமில்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் நான் பார்த்த வழக்கம். இவர் ஒவ்வொரு பையனையும் தனித்தனியாக அழைத்து, உட்கார வைத்து, ஏன் இடமில்லை என்று சொன்னார். இரவு எட்டரை வரை ஆயிற்று. சில பையன்கள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். "கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். "கஷ்டம்தான். ஆனால் அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்க உரிமை இருக்கிறது, சார்" என்றார். இந்த வார்த்தை பின்னால் எனக்கே திரும்பி வந்தது.

பிப்ரவரியில் வெள்ளோட்ட மேட்ச்சுகள், பிறகு வார இறுதியில் டோர்னமெண்ட். மார்ச்சிலிருந்து மாவட்டப் போட்டிகள், செவ்வாயும் வெள்ளியும். மாவட்டத்தில் முதல் நான்கு இடம் பிடித்தால் மே மாதம் அடுத்த சுற்று. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பஸ் சொல்ல வேண்டும், அம்பயருக்குச் சொல்ல வேண்டும், மைதானத்தைச் சீப்பால் வாரி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, மழை வந்தால் மேட்டின் மேல் தார்ப்பாய் போட வேண்டும். பெற்றோர் சங்கம் நாச்சோஸும் ஹாட்டாக்கும் விற்றுச் செலவுக்குப் பணம் சேர்க்கும். இடி கேட்டாலோ மின்னல் கண்டாலோ அந்த நொடியே ஆட்டம் நிற்கும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நிமிடம் இன்னொன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து.

ஸ்கோர் புத்தகம் எனக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. ஒன்பது இடத்துக்கும் ஒன்பது எண். பிட்சர் 1, கேட்சர் 2 என்று போகும். 6-4-3 என்று எழுதினால், பந்து யாரிடமிருந்து யாருக்குப் போய் இரண்டு பேர் அவுட்டானார்கள் என்று பார்க்காதவனுக்கும் விளங்கும். வீச்சிலேயே அவுட்டானால் 'கே' என்ற எழுத்து. மட்டையை அசைக்காமலே அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிப் போட வேண்டும். இந்த முறைக்கு வழி போட்டவர் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர். இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். நம் ஆள்தான் என்று தோன்றியது.

டக்கவுட்டின் ஓரத்தில், பந்து போடும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, மேலே மெத்தை வைத்து எனக்கு ஆசனம். பேரன் "தாத்தா, தாத்தா" என்பதைக் கேட்டு மற்றப் பையன்களும் "டாட்டா, டாட்டா" என்றார்கள். கார் கம்பெனி மாதிரி இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வேலைகளில் முக்கியமானது வீச்சுக் கணக்கு. பதினாறு, பதினேழு வயதுக் கை முற்றாத கை. அளவுக்கு மேல் வீசினால் முழங்கைத் தசைநார் கிழியும். அதைச் சரிசெய்ய உடம்பின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்துக் கட்டுகிறார்கள். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான். பெரியவர்களுக்கு வந்த வியாதி பள்ளிப் பிள்ளைகளுக்கும் வர ஆரம்பித்ததால், ஒவ்வொரு மாநிலமும் வீச்சு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்று 2017 சீசனிலிருந்து நாடு முழுக்க விதி வந்தது. டெக்சஸில் பெரிய டீமுக்கு ஒரு நாளைக்கு 110. அது மட்டுமல்ல, வீசியதற்கு ஏற்ற ஓய்வு: 30 வரை ஓய்வு வேண்டாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள். 46 முதல் 65 என்றால் இரண்டு நாள். 66 முதல் 85 என்றால் மூன்று. அதற்கு மேல் நான்கு.

செவ்வாய், வெள்ளி ஆட்டங்களை வைத்து இதைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை 65 வீசியவன் புதன், வியாழன் ஓய்வெடுத்து வெள்ளிக்கிழமை மறுபடி வீசலாம். 66 வீசியவன் வீச முடியாது. ஒரே ஒரு பந்து. கோச் தூங்காமல் யோசிப்பது இதைத்தான். எந்தப் பையனை எப்போது இறக்குவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் என் தாளைப் பார்த்துத்தான்.

டீமில் இடது கைக்காரன் ஒருவன் இருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. பேரனுக்கு நெருங்கிய சிநேகிதன். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று தெரிந்ததிலிருந்து அவன் அம்மா எனக்கென்று பீன்ஸும் சீஸும் வைத்து டாக்கோ செய்து கொண்டுவருவார். பையன் அதிகம் பேசமாட்டான். வீசி முடித்து வந்ததும் என் தாளை எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவான். மேல்படிப்புக்கு அவனுக்கு இருந்த வழி இந்தக் கைதான்.

ஏப்ரல் கடைசி வாரம். மாவட்டத்தில் நான்காம் இடத்துக்கு இரண்டு டீம்கள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று நாங்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் இடது கைக்காரன் அற்புதமாக வீசினான். ஐந்து இன்னிங்ஸ், இரண்டே ரன். நாங்கள் ஆறு. ஐந்தாவது முடிந்த கையோடு மேற்கே மின்னல் வெட்டியது. எல்லோரையும் உள்ளே விரட்டினார்கள். அரை மணி, இன்னும் அரை மணி என்று காத்திருந்து, கடைசியில் ஆட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். மழை கொட்டியது. நான் தாளில் மொத்தத்தைப் போட்டு, கையெழுத்திட்டு, உதவிக் கோச்சிடம் நீட்டிவிட்டு மகளின் காருக்கு ஓடினேன். மற்ற நாட்களில் தாளைக் கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்வேன். அன்று சொல்லவில்லை.

நான் எழுதியது 61.

வெள்ளிக்கிழமை கடைசி மாவட்ட ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. வேலிக்குப் பின்னால் ஒரு ஜூனியர் காலேஜ் கோச், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். இடது கைக்காரனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று பேரன் என் காதில் சொன்னான். ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் களைத்துப் போனான். கோச் வேறொருவனை இறக்கினார். இடது கைக்காரன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தான். ஆறாவதில் இன்னொருவன். அப்போதும் இவன் பெஞ்சில்.

எனக்கு ஏதோ உறுத்தியது. 61 என்றால் இரண்டு நாள். இன்று வீசலாமே? அட்டவணை என் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. கோச் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது காரணம் இருக்கும், கணக்கு எழுதுபவன் மேலதிகாரியின் முடிவைக் கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடத்துப் பழக்கம். சம்பளம் வாங்கிய நாற்காலியை விட்டு வந்து பதினான்கு வருடம் ஆகியும், அந்தப் பழக்கம் வாளி வரைக்கும் கூடவே வந்திருந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் விட்டு, 4-3 என்று தோற்றோம். சீசன் முடிந்தது. ஜூனியர் காலேஜ் கோச் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சீசன் கணக்கை மூட உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை. வருட முடிவில் பேரேட்டை மூடாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பிட்சரும் மொத்தம் எத்தனை வீசினான் என்று கூட்டி, உதவிக் கோச் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியிருந்த தாளோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரி. இடது கைக்காரன் மட்டும் இடித்தான். என் கணக்கில் 612. அவர்கள் கணக்கில் 618.

கணக்கு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஆறு என்றால்? பேனா கையிலேயே நின்றுவிட்டது. ஆறு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். என் ஒன்றை யாரோ ஏழாகப் படித்திருக்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். எங்கள் முசியே ஒன்று எழுதச் சொல்லிக் கொடுத்தது வெறும் குச்சியாக அல்ல. கீழிருந்து மேலே ஒரு நீளக் கோடு ஏறி, பிறகு நேராக இறங்க வேண்டும். ஏழு என்றால் நடுவில் குறுக்குக் கோடு. அந்தக் கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. எங்களுக்குள் குழப்பமே கிடையாது. இங்கிலீஷ் கண்ணுக்கு என் ஒன்று அச்சு அசலாக ஏழு.

இது எனக்குத் தெரியாததா? அங்கேதான் வெட்கம். வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், ஒரு மூதாட்டியின் முதியோர் உதவி மனு வயது போதவில்லை என்று திரும்பிவிட்டது. பழைய எத்தா சிவில் பதிவேட்டிலிருந்து பிறந்த வருடத்தை 1927 என்று எடுத்து எழுதியிருந்தார்கள். அந்த அம்மா மூன்று முறை வந்து அழுதுவிட்டுப் போனார். நான் மூலப் பதிவேட்டைத் தேடிப் பிடித்து, அது ஏழு அல்ல, பிரெஞ்சு ஒன்று, 1921 என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். மனு சரியாயிற்று. அந்தக் கதையைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவன் எழுதிய ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குத் தன் கையில் இருந்த ஒன்று தெரியவில்லை.

61 என்பதை 67 என்று ஏற்றியிருக்கிறார்கள். 67 என்றால் மூன்று நாள் ஓய்வு. அதனால்தான் பையன் பெஞ்சில்.

பேரனிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "விடுங்க தாத்தா. சீசன் முடிஞ்சு போச்சு. யாருக்கும் தெரியாது. சொன்னா மட்டும் மேட்ச் திரும்பி வருமா?" என்றான். எனக்காகச் சொன்னான் என்று தெரியும். மனைவியும் அதையேதான் சொன்னாள். ஊர் விட்டு ஊர் வந்து எதற்கு வம்பு என்றாள். ராத்திரி முழுக்கப் புரண்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று கோச் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மகளைக் கூட்டிப் போகச் சொல்லிப் பள்ளிக்குப் போனேன். கோச் சுவர்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்து, என் ஒன்றையும் என் ஏழையும் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்றேன். "வெள்ளிக்கிழமை அவன் பெஞ்சில் இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை."

"நானும் கேட்கவில்லை" என்றார் அவர். "எண்ணியவர் பத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் அச்சடித்த தாளைப் பார்த்தேன்." பிறகு, "பிழை இந்தப் பக்கம் போனதால் ஒரு மேட்ச் போயிற்று. அந்தப் பக்கம் போயிருந்தால் ஒரு கை போயிருக்கும். அதை நினைத்துத்தான் எனக்கு நடுங்குகிறது" என்றார்.

இடது கைக்காரனை வகுப்பிலிருந்து வரவழைத்தார். நானே சொல்கிறேன் என்றேன். என் இங்கிலீஷ் பிரெஞ்சு வாசனையடிக்கும். ஆனாலும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவன் கையில் ஒரு பழைய பந்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதனால்தானா?" என்றான். "அந்த டீம் போன தடவை என்னை நன்றாக அடித்துவிட்டது. கோச்சுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன்."

மூன்று நாளாகப் பையன் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். நான் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் சுமந்திருப்பானோ. கோச் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். கோபம் இருந்ததா என்றால் இருந்திருக்கும். போகும்போது என்னைப் பார்த்து வழக்கம்போல் ஒரு தலையாட்டல்தான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

கோச் அந்த ஜூனியர் காலேஜுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவர்கள் பிறகு ஒருநாள் வந்து பையன் வீசுவதைப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அங்கேயே சேர்ந்தான் என்று பேரன் சொன்னான். அதை வைத்து என் பிழை அழிந்துவிட்டதாக நான் கணக்கு எழுதிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேருக்கு அதுதான் கடைசி ஆட்டம். அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

ஜூன் கடைசியில் ஊருக்குக் கிளம்பும் முன் கோச்சிடம் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் ஆபீசில் ஐந்து ரூபாய் வவுச்சரில்கூடத் தொகையை எண்ணாலும் எழுதுவோம், எழுத்தாலும் எழுதுவோம். எண் பொய் சொன்னாலும் எழுத்து சொல்லாது. முப்பத்தெட்டு வருடம் மறக்காமல் செய்ததை உங்கள் தாளில் செய்யாமல் விட்டேன். இனி வருபவரைச் செய்யச் சொல்லுங்கள் என்றேன்.

2024 பிப்ரவரியில் பேரன் ஒரு படம் அனுப்பினான். புது சீசனுக்கு அச்சடித்த வீச்சுக் கணக்குத் தாள். மொத்தம் என்ற கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி: எழுத்தால். அதில் யாரோ ஒரு தாய் அழகான கையெழுத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்.

நானும் ஒன்று மாறிவிட்டேன். இப்போதெல்லாம் ஒன்றை வெறும் குச்சியாகத்தான் போடுகிறேன். எழுபத்தைந்து வயதில் கை சொன்னபடி கேட்பதில்லை. பால் கணக்கில், பாங்க் சலானில், சில நேரம் பழைய கோடு தானாக மேலே ஏறிவிடுகிறது. அப்போது அடித்துவிட்டு, பக்கத்தில் எழுத்தாலும் எழுதிவைக்கிறேன்.